ஒரு நகரம், இரண்டு பேராலயங்கள்: சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் உருவான கதை

எட்டாம் வகுப்பில் 'ஐரோப்பியர்களின் வருகை' பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "போர்ச்சுகீசியர் கோவாவுலதானே சார் இருந்தாங்க, சாந்தோம்ல அவங்களுக்கு என்ன வேலை?" சென்னையைச் சுற்றிப் பார்த்த பிள்ளைகள் இருந்தால் இன்னொரு கேள்வியும் வரும். "சாந்தோம்லயும் பெரிய கோயில் இருக்கு, பாரிமுனைப் பக்கம் அரண்மனைக்காரத் தெருவுலயும் ஒண்ணு இருக்கு. எது சார் பிஷப் கோயில்?"

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே வரலாற்றில்தான் இருக்கிறது. அந்த வரலாறு பாடநூலில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. நான் கிறித்தவர் அல்ல. இந்தக் கட்டுரை எந்தச் சமயத்துக்கும் ஆதரவாகவோ எதிராகவோ எழுதப்பட்டதும் அல்ல. நம் மாநிலத்தில் நம்மில் பலர் ஆர்.சி. பள்ளியில் படித்திருக்கிறோம், அல்லது அங்கே பணியாற்றுகிறோம், அல்லது அங்கிருந்து மாறுதல் சான்றிதழுடன் வரும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறோம். ஆயினும் அந்தப் பள்ளியை நடத்தும் அமைப்பு எப்படி உருவானது, எப்படி இயங்குகிறது என்று கேட்டால் தெளிவாகச் சொல்ல நம்மால் முடிவதில்லை. தெரியாத இடத்தில் ஊகமும் வதந்தியும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதனால்தான் இதை ஆசிரியர்களுக்காக எழுத விரும்பினேன்.

முதலில் சில சொற்கள்

கத்தோலிக்கத் திருச்சபையின் அடிப்படை நிர்வாக அலகு மறைமாவட்டம். அதன் தலைவர் ஆயர், பேச்சுவழக்கில் பிஷப். அருகருகே உள்ள சில மறைமாவட்டங்கள் சேர்ந்தது ஒரு மறைமாநிலம். அந்த மறைமாநிலத்தின் தலைமை மறைமாவட்டத்துக்கு உயர்மறைமாவட்டம் என்று பெயர். அதன் ஆயர் பேராயர் எனப்படுகிறார்.

நமக்குப் பழக்கமான ஒப்புமை கல்வித் துறைதான். ஆனால் இங்கே கவனம் தேவை. முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர் இருப்பதுபோல, பேராயருக்குக் கீழே மற்ற ஆயர்கள் இல்லை. ஒவ்வோர் ஆயரையும் நியமிப்பவர் திருத்தந்தை. ஒவ்வோர் ஆயரும் அவருக்கே நேரடியாகப் பொறுப்பானவர். பக்கத்து மறைமாவட்டத்தில் ஒரு பங்குத்தந்தையை இடமாற்றம் செய்யவோ, அங்குள்ள பள்ளிக் கணக்கைப் பார்க்கவோ பேராயருக்கு அதிகாரம் கிடையாது. நம்பிக்கையும் ஒழுங்கும் காக்கப்படுகின்றனவா என்று கவனிப்பது, குறை இருந்தால் திருத்தந்தைக்குத் தெரிவிப்பது போன்ற சில கடமைகள் மட்டுமே அவருக்கு உண்டு. வெண்ணிறக் கம்பளியால் ஆன 'பாலியம்' என்ற தோள்பட்டையை அவர் அணிவது அந்தத் தலைமையின் அடையாளம்.

இன்னொரு சொல் பேராலயம். பெரிய கட்டடமாக இருப்பதால் ஒரு கோயில் பேராலயம் ஆகிவிடாது. 'கதீட்ரா' என்ற சொல்லுக்கு இருக்கை என்று பொருள். ஆயரின் இருக்கை எந்தக் கோயிலில் இருக்கிறதோ அதுவே மறைமாவட்டத்தின் பேராலயம். ஒரு மறைமாவட்டத்துக்கு ஒரு பேராலயம் என்பதுதான் பொது வழக்கம். சென்னையில் சாந்தோமில் பேராலயமும் அரண்மனைக்காரத் தெருவில் இணைப் பேராலயமும் இருக்கின்றன. முன்பு இந்த நகரில் இரண்டு ஆயர்கள் இருந்ததே அதற்குக் காரணம்.

மயிலையில் தோமா: மரபும் சான்றும்

இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமா இந்தியாவுக்கு வந்து, மயிலாப்பூர்ப் பகுதியில் கொல்லப்பட்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பது கிறித்தவ மரபு. வகுப்பில் இதை எப்படிச் சொல்வது என்று பல ஆசிரியர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். "இது உண்மை" என்றும் சொல்ல வேண்டாம், "இது கட்டுக்கதை" என்றும் சொல்ல வேண்டாம். சான்றுகளை வரிசையாக வைத்தால் போதும்.

'தோமாவின் பணிகள்' என்ற சிரிய மொழி நூல் கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கொண்டபோரஸ் என்ற அரசனிடம் தோமா சென்றதாக அது சொல்கிறது. அப்படி ஓர் அரசன் இருந்தானா என்பதே நெடுங்காலம் ஐயமாக இருந்தது. பின்னர் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கு இந்தியாவில். எனவே நாணயங்கள் அரசனை மெய்ப்பிக்கின்றன. தோமா மயிலைக்கு வந்ததை மெய்ப்பிக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, இந்தக் கடற்கரையில் ஒரு சிற்றூரில் தோமாவின் கல்லறை இருப்பதாகவும், அங்கே மக்கள் வழிபட வருவதாகவும் எழுதியுள்ளார். அதாவது, போர்ச்சுகீசியர் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த மரபு இங்கே இருந்தது என்பது உறுதி. பரங்கிமலையில் 1547-இல் கிடைத்த கற்சிலுவையில் பாரசீகப் பகலவி எழுத்துகள் உள்ளன. போர்ச்சுகீசியருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மேற்காசியத் தொடர்புடைய கிறித்தவர்கள் இங்கு வாழ்ந்தார்கள் என்பதற்கு அது கல்லில் உள்ள சான்று.

ஒரு சான்று எதை மெய்ப்பிக்கிறது, எதை மெய்ப்பிக்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது. இப்படிச் சொல்லும்போது நம்பிக்கை உள்ள பிள்ளையின் மனம் புண்படுவதில்லை. நம்பிக்கை இல்லாத பிள்ளைக்கும் ஏமாற்றப்பட்ட உணர்வு வருவதில்லை.

1606: மயிலை மறைமாவட்டம்

போர்ச்சுகீசியர் 1520-களில் மயிலைக் கடற்கரையில் குடியேறினர். 'சாவோ தோமே' என்று அவர்கள் வைத்த பெயர்தான் நம் வாயில் சாந்தோம் ஆயிற்று. கோவாவில் 1534-இலும் கொச்சியில் 1558-இலும் மறைமாவட்டங்கள் ஏற்பட்டன. 1606 ஜனவரியில் திருத்தந்தை ஐந்தாம் பவுல் கொச்சியிலிருந்து பிரித்து மயிலை மறைமாவட்டத்தை நிறுவினார். அதன் எல்லையை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கும். சோழமண்டலக் கரை தொடங்கி வங்காளம், பர்மாவின் பெகு வரை அது நீண்டிருந்தது.

இதில் ஒரு முக்கியமான ஏற்பாடு இருந்தது. அதன் பெயர் 'பத்ரோவாதோ'. புரவலர் உரிமை என்று தமிழில் சொல்லலாம். கீழை நாடுகளில் கோயில் கட்டுவது, குருக்களை அனுப்புவது, அவர்களுக்கு ஊதியம் தருவது ஆகிய செலவுகளைப் போர்ச்சுகல் அரசர் ஏற்க வேண்டும். அதற்கு ஈடாக, ஆயராக யாரை நியமிக்கலாம் என்று பெயர் முன்மொழியும் உரிமை அவருக்கு. செலவு செய்பவருக்கே நியமன உரிமை என்ற இந்த ஏற்பாடு, அந்த அரசு வலுவாக இருக்கும்வரை நடந்தது. 17-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலின் கை தளர்ந்தது. செலவு செய்ய முடியவில்லை. உரிமையை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. அடுத்த முந்நூறு ஆண்டுச் சிக்கலின் வேர் இதுதான்.

1642: கோட்டைக்குள் இன்னொரு தொடக்கம்

இந்த நிலையைச் சமாளிக்க உரோமை 1622-இல் 'புரோபகாந்தா' என்ற சபையை ஏற்படுத்தியது. எந்த அரசரையும் சாராமல் திருத்தந்தையே நேரடியாக மறைபரப்பாளர்களை அனுப்புவது அதன் நோக்கம்.

1639-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இடம் பெற்றது. சாந்தோமிலிருந்து வணிகரும் படைவீரரும் பணியாளரும் கோட்டைப் பக்கம் வந்து குடியேறினர். அவர்களில் பலர் கத்தோலிக்கர். அவர்களுக்குச் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியக் குருக்கள் வந்து போவது கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. சமய வேறுபாடு ஒரு காரணம். வேற்று நாட்டு அரசுக்குச் செய்தி போய்விடுமோ என்ற அச்சம் அதைவிடப் பெரிய காரணம். 1642-இல் பெகுவுக்குப் போகும் வழியில் எப்ரேம் தெ நெவர் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி சென்னை வந்தார். கத்தோலிக்கர் அவரை இங்கேயே தங்கும்படி கேட்டனர், கம்பெனியும் இணங்கியது. கோட்டைக்குள் ஒரு சிற்றாலயம் எழுந்தது. அவர் சிறுவர்களைக் கூட்டிப் பாடம் சொல்லிக்கொடுக்கவும் செய்தார். சென்னையில் ஐரோப்பிய முறைப் பள்ளிக் கல்வியின் தொடக்கங்களில் ஒன்றாக இதைக் குறிப்பிடுவர்.

இப்படியாக, நான்கு மைல் இடைவெளியில் இரண்டு அதிகாரங்கள் உருவாயின. சாந்தோமில் போர்ச்சுகல் அரசரின் புரவலர் உரிமைக்கு உட்பட்ட ஆயர். கோட்டையில் உரோமையின் புரோபகாந்தாவுக்கு உட்பட்ட கப்புச்சின்கள். மோதல் விரைவிலேயே வந்தது. 1649-இல் எப்ரேம் சாந்தோமுக்குச் சென்றபோது பிடிக்கப்பட்டு, கோவாவில் இருந்த சமய விசாரணை மன்றத்துக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்தே விடுதலையாகிச் சென்னைக்குத் திரும்பினார்.

கப்புச்சின்களுக்கு ஆங்கிலேயராலும் துன்பம் வந்தது. 1746 முதல் 1749 வரை சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. நகரம் மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்ததும், பிரெஞ்சுத் துறவிகள் எதிரிக்கு உதவினார்கள் என்ற ஐயம் எழுந்தது. கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்க ஆலயம் இடிக்கப்பட்டது. அரசுகளின் பகை வழிபாட்டிடத்தின் மேல் விழுந்ததற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. அதே 1749-இல் சாந்தோமும் ஆங்கிலேயர் வசமானது. இரண்டு இடங்களும் ஒரே ஆட்சியின் கீழ் வந்தன. ஆனால் இரண்டு திருச்சபை அதிகாரங்கள் மட்டும் அப்படியே தொடர்ந்தன.

1838 முதல் 1886 வரை

1832-இல் சென்னை, திருத்தந்தையின் பதிலாளராகச் செயல்படும் ஓர் ஆயரின் ஆட்சிப் பகுதியாக உயர்த்தப்பட்டது. முதலில் வந்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த டேனியல் ஓ'கானர். ஏன் அயர்லாந்து? கம்பெனிப் படையில் ஐரிஷ் கத்தோலிக்க வீரர்கள் நிறையப் பேர் இருந்தனர். ஆங்கிலம் பேசும், ஆங்கிலேய அரசின் குடிகளான குருக்கள் வந்தால் கம்பெனிக்கும் ஐயம் இல்லை.

1838-இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி, மயிலை, கொச்சி உள்ளிட்ட இடங்களில் புரவலர் உரிமையின்கீழ் இருந்த ஆட்சியதிகாரத்தை நீக்கி ஆணையிட்டார். போர்ச்சுகல் சார்புக் குருக்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆணை உண்மையானதுதானா, அரசரின் ஒப்புதல் இன்றிச் செல்லுமா என்று வாதிட்டனர். பூசல் பல பத்தாண்டுகள் நீடித்தது.

இந்தப் பூசலை ஆவணங்களின் பெயர்களோடு நிறுத்திவிட்டால் அதன் கனம் விளங்காது. சாதாரணக் குடும்பத்தின் பக்கமிருந்து பாருங்கள். கோயில் சாவி யாரிடம்? கல்லறைத் தோட்டம் யாருக்குச் சொந்தம்? இந்தக் குருவானவர் நடத்திவைத்த திருமணம் செல்லுமா, செல்லாதா? ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே மொழி பேசி, ஒரே வழிபாட்டு முறையைப் பின்பற்றிய இரண்டு குடும்பங்கள் இருவேறு ஆயர்களுக்கு உட்பட்டிருந்தன. கோட்பாட்டில் அவர்களுக்குள் எள்ளளவும் வேறுபாடு இல்லை. நியமன உரிமை யாருக்கு என்பதே ஒரே சிக்கல். அதுவும் இந்தியாவில் முடிவு செய்யப்பட்டதல்ல. லிஸ்பனிலும் உரோமையிலும் முடிவு செய்யப்பட்டது.

1886-இல் போர்ச்சுகலும் உரோமையும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியாவில் முறையான மறைமாவட்ட அமைப்பை நிறுவினார். சென்னை உயர்மறைமாவட்டம் ஆயிற்று. ஜோசப் கோல்கன் அதன் முதல் பேராயர். மயிலை மறைமாவட்டமும் புரவலர் உரிமையின்கீழ் மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் அது கோவாவைச் சார்ந்திருந்தது. சாந்தோமின் நிலப்பரப்போடு தஞ்சை, நாகை, வேளாங்கண்ணிப் பகுதிகளும் அதற்கு உட்பட்டவை. அதாவது வேளாங்கண்ணிக் கோயிலை ஆண்டவர் நடுவில் புதுச்சேரி உயர்மறைமாவட்டத்தைத் தாண்டி மயிலையில் இருந்த போர்ச்சுகீசிய ஆயர். வரைபடத்தில் இதைக் குறித்துக் காட்டினால் நிர்வாக எல்லை என்பது வரலாற்றின் தழும்பு என்று மாணவர்களுக்கு உடனே விளங்கும்.

உயிர்பெற்ற மயிலை மறைமாவட்டம் தன் தலைமைக் கோயிலைப் புதிதாகக் கட்டியது. ஆயர் ரீட் த சில்வா காலத்தில் பழைய கோயில் அகற்றப்பட்டு, கோதிக் பாணியில் எழுந்த இன்றைய சாந்தோம் பேராலயம் 1896-இல் அர்ப்பணிக்கப்பட்டது. சென்னைப் பேராயரின் பேராலயமோ அரண்மனைக்காரத் தெருவில் உள்ள மரியன்னை கோயில். மக்கள் அதை அந்தோணியார் கோயில் என்றே அறிவர். மாணவரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: இரண்டு ஆயர்கள், ஆகவே இரண்டு பேராலயங்கள்.

1952: இரண்டும் ஒன்றாயின

இந்தியா விடுதலை பெற்ற பிறகு, இந்திய மண்ணில் ஆயரை நியமிப்பதில் வேற்று நாட்டு அரசு கைவைப்பது பொருந்தாத ஒன்றாயிற்று. 1950 ஜூலையில் போர்ச்சுகல் அந்த உரிமையைக் கைவிட்டது. 1952 நவம்பர் 13 அன்று சென்னையும் மயிலையும் இணைந்து சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் உருவானது. 1935 முதல் சென்னைப் பேராயராக இருந்த சலேசியத் துறவி லூயி மத்தியாஸ் முதல் பேராயர் ஆனார். அதே நாளில் மயிலையின் தெற்குப் பகுதியைக் கொண்டு தஞ்சை மறைமாவட்டமும், சென்னையின் மேற்குப் பகுதியைக் கொண்டு வேலூர் மறைமாவட்டமும் தோன்றின. சாந்தோம் பேராலயமாகவும், அரண்மனைக்காரத் தெருக் கோயில் இணைப் பேராலயமாகவும் நிலைத்தன. 1956-இல் சாந்தோமுக்குப் பசிலிக்கா என்ற சிறப்பும் கிடைத்தது.

மத்தியாசுக்குப் பின் வந்த இராயப்பன் அருளப்பா தமிழர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விளைவாக இலத்தீன் மொழி வழிபாடு தமிழுக்கு மாறியதும் அந்த 1960-களில்தான். 2002-இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் தனியே பிரிந்தது. இதில் மாணவர்கள் விரும்பும் ஒரு செய்தி உண்டு. தோமா மரபோடு தொடர்புடைய மூன்று இடங்களில் சாந்தோமும் சின்னமலையும் சென்னை–மயிலையில் உள்ளன; பரங்கிமலை செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் உள்ளது.

இன்றைய அமைப்பு

தமிழ்நாடு, புதுச்சேரி ஆகியவற்றின் இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கருக்கு மூன்று மறைமாநிலங்கள் உள்ளன.

சென்னை–மயிலை: இதில் செங்கல்பட்டு, கோவை, உதகை, வேலூர் மறைமாவட்டங்கள் சேரும்.

மதுரை: இதில் கோட்டாறு, குழித்துறை, பாளையங்கோட்டை, தூத்துக்குடி, சிவகங்கை, திண்டுக்கல், திருச்சி மறைமாவட்டங்கள் சேரும்.

புதுவை–கடலூர்: இதில் தஞ்சை, கும்பகோணம், சேலம், தர்மபுரி மறைமாவட்டங்கள் சேரும்.

இவை தவிர, சீரோ மலபார், சீரோ மலங்கரா வழிபாட்டு முறைகளுக்குத் தனி மறைமாவட்டங்கள் உண்டு. தக்கலை, மார்த்தாண்டம் ஆகியவை எடுத்துக்காட்டுகள்.

ஓர் உயர்மறைமாவட்டத்துக்குள் நிர்வாகம் இப்படி இறங்கி வரும். பேராயருக்கு அடுத்து அவர் சார்பாகச் செயல்படும் முதன்மைக் குரு. ஆவணங்களுக்குப் பொறுப்பான செயலர், சொத்துக்கும் கணக்குக்கும் பொறுப்பான பொருளாளர் ஆகியோர் ஆயரகத்தில் இருப்பர். அருகருகே உள்ள பங்குகள் சேர்ந்தது மறைவட்டம். பங்கு என்பதே மக்கள் நேரில் காணும் அலகு. அதன் பொறுப்பாளர் பங்குத்தந்தை. பங்குக்கு உட்பட்ட சிற்றூர்கள் கிளைக் கிராமங்கள். சில தெருக்கள் சேர்ந்த சிறு குழு அன்பியம்.

அதிகாரம் மேலிருந்து வருவதுபோலத் தோன்றினாலும் அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் நிதிக்குழுவும் குருக்கள் மன்றமும் இருந்தாக வேண்டும். பங்கிலும் நிதிக்குழு கட்டாயம். ஆயர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் மறைமாவட்டத்தின் நிலை குறித்துத் திருத்தந்தைக்கு அறிக்கை தர வேண்டும். 75 வயது நிறைந்ததும் பதவி விலகல் கடிதம் கொடுக்க வேண்டும்.

பள்ளியை நடத்துபவர் யார்?

"எல்லாக் கத்தோலிக்கப் பள்ளியும் பிஷப் பள்ளிதானே?" என்று ஆசிரியர்களே கேட்பதுண்டு. அப்படி இல்லை. மறைமாவட்டம் நேரடியாக நடத்தும் பள்ளிகள் ஒரு வகை. ஊர்ப்புறங்களில் 'ஆர்.சி. தொடக்கப் பள்ளி', 'ஆர்.சி. நடுநிலைப் பள்ளி' என்று நாம் காண்பவை பெரும்பாலும் இந்த வகை. அங்கே பங்குத்தந்தையே தாளாளராக இருப்பது வழக்கம். துறவற சபைகள் நடத்துபவை இன்னொரு வகை. சென்னையில் 1925-இல் தொடங்கிய இலயோலாக் கல்லூரி இயேசு சபையினருடையது. 1947-இல் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபை அருட்சகோதரிகளுடையது. டான் போஸ்கோ பள்ளிகள் சலேசிய சபையுடையவை. இவற்றின் பொதுவான கத்தோலிக்கத் தன்மையைக் கவனிக்கும் உரிமை ஆயருக்கு உண்டு. அன்றாட நிர்வாகமும் சொத்தும் அந்தந்தச் சபையைச் சேர்ந்தவை. ஒரு கடிதம் யாருக்குப் போக வேண்டும், ஒரு பணி நியமனத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

அரசுக்கும் இப்பள்ளிகளுக்கும் உள்ள உறவை மூன்று சட்ட விதிகளால் சுருக்கமாகச் சொல்லலாம். சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசமைப்பின் 30(1) உறுப்பு தருகிறது. அரசு உதவி பெறும் நிறுவனத்தில் சமயம், இனம், சாதி, மொழி மட்டுமே காரணமாக யாருக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது 29(2). அரசு ஏற்போ உதவியோ பெறும் நிறுவனத்தில் பயிலும் எவரையும் அவரது இசைவின்றி, சிறார் எனில் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 28(3). நிறுவனத்தின் உரிமையையும் பிள்ளையின் உரிமையையும் சேர்த்தே படித்தால்தான் படம் முழுமையாகும். ஒன்றை மட்டும் சொல்வது பாதி உண்மை.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

ஊர்ப்பெயர்ப் பயிற்சி: சாந்தோம், லஸ், பரங்கிமலை, ராயபுரம், அரண்மனைக்காரத் தெரு ஆகிய பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, எப்படி வந்திருக்கும் என்று கேளுங்கள். 'லஸ்' என்பது ஒளி என்று பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல். அங்குள்ள கோயில் பிரகாச மாதா கோயில். 'பரங்கி' என்பது ஐரோப்பியரைக் குறித்த சொல். இராயப்பர், அதாவது புனித பேதுரு, பெயரால் ராயபுரம் வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அரண்மனைக்காரத் தெருவில் அரண்மனை எதுவும் இல்லை. 'ஆர்மீனியன்' என்பதே மக்கள் நாவில் 'அரண்மனைக்காரன்' ஆயிற்று.

வரைபடப் பயிற்சி: 1606, 1886, 1952, 2002 ஆகிய நான்கு ஆண்டுகளுக்கும் மயிலை அல்லது சென்னை–மயிலையின் எல்லையைத் தோராயமாக நான்கு வண்ணங்களில் வரையச் சொல்லலாம். பெகு வரை நீண்ட எல்லை இன்று சென்னை, திருவள்ளூர்ப் பகுதிகளுக்குள் அடங்கியதை மாணவர்கள் தாமே காண்பார்கள். வருவாய் மாவட்ட எல்லைகளோடு ஒப்பிடவும் சொல்லலாம்.

பதிவேடும் கல்லறையும்: ஒவ்வொரு பங்கும் திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஒருவரின் திருமணம் அவரது திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலும் குறிக்கப்படும். அரசின் பிறப்புப் பதிவு ஊர்ப்புறங்களில் முறையாக நடைபெறாத காலத்தில் பல குடும்பங்களுக்கு இதுவே ஆவணம். புலப்பெயர்வு, கொள்ளைநோய், தொழில் மாற்றம் ஆகியவற்றை அறிய இது சிறந்த மூலம். ஆனால் ஒரு கவனம் தேவை. அவற்றில் சாதி, பெற்றோர் விவரம், தத்தெடுப்பு போன்ற தனிப்பட்ட செய்திகள் இருக்கும். மாணவர்களிடம் பதிவேட்டைக் கொடுத்துப் படியெடுக்கச் சொல்லக் கூடாது. பங்குத்தந்தையின் இசைவோடு ஆசிரியர் பார்த்து, பெயர்களை நீக்கி, எண்ணிக்கையை மட்டும் வகுப்புக்கு எடுத்து வரலாம். பழைய கல்லறைக் கற்களை மாணவர்களே நேரில் படிக்கலாம். புதுப்பித்தல் பணிகளில் அவை அகற்றப்படும் முன் படம் எடுத்து வைப்பதும் ஒரு பணிதான்.

எங்கள் பள்ளிக்கு அருகே இப்படி ஒரு கோயில் இல்லையே என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்க் கோயில், பள்ளிவாசல், மடம் எதை எடுத்தாலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். நிறுவியவர் யார்? செலவை ஏற்றவர் யார்? நியமிக்கும் உரிமை யாருக்கு? எல்லை எப்போது மாறியது? ஆவணம் எங்கே இருக்கிறது? இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, தன் சமய நிறுவனத்தையும் பிறர் சமய நிறுவனத்தையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கற்றுக்கொள்கிறது. அதற்கு வேண்டிய பொருள் நம் பள்ளி இருக்கும் தெருவிலேயே இருக்கிறது.